ஓட்டம் ஒன்பது, மூளை நான்கு

முட்டாள்களுக்கென்று ஒரு ட்ரயல்ஸ் வைத்தால் ஓடிக் காட்டாமலேயே நான் தேர்வாகிவிடுவேன். அத்தாட்சி என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால், ஸ்டாப்வாட்ச் காட்டிய நேரத்தை நம்பாமல் அடித்துவிட்டு, என் கண்ணுக்குச் சரியென்று பட்ட நேரத்தை எழுதினேன்.

பகலில் நான் ஆபீஸ் குமாஸ்தா, சாயங்காலத்தில் கால்பந்து நிபுணன். ஆடிய காலத்தில் என்னைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். திறமைக்காக இல்லை, கோலில் பாதியை என் வயிறே அடைத்துக்கொள்ளும் என்பதற்காக. அப்படிப்பட்டவனிடம்தான், சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுக்கும் வெளியூர் கிளப் ஒன்று, மதுரைப் பக்கம் நல்ல ஆட்கள் இருந்தால் பார்த்து எழுதச் சொல்லியிருந்தது. அவர்கள் அனுப்பிய தாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டங்கள்: ஓட்டம், ஆட்ட மூளை. பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.

சமயநல்லூர் தாண்டி ஒரு மைதானத்தில் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவன் நைஜீரியாக்காரன். மருந்தாளுநர் படிப்புக்காக வந்தவன், வயது இருபத்திரண்டு. விளாங்குடியில் அறை எடுத்துத் தங்கி, நாலு வருடத்தில் அச்சு அசலாக மதுரைப் பேச்சைப் பிடித்திருந்தான். படிப்பு முடியப் போகிறது, கால்பந்தில் சம்பளம் கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று வந்திருந்தான்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டும் நேரத்திலேயே, ஆளைப் பார்த்துப் பென்சிலால் மார்க்கைப் போட்டுவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் அதன்மேலேயே பேனாவை ஓட்டுவேன். நேரம் மிச்சம் என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். அவனுக்குப் போட்டேன்: ஓட்டம் ஒன்பது, மூளை நான்கு. பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த சிவப்பான இளைஞனுக்கு: ஓட்டம் ஐந்து, மூளை எட்டு. இருவரும் அதுவரை பந்தைத் தொடவே இல்லை.

லேஸைக் கட்டிவிட்டு நைஜீரியாக்காரன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் நடுவுல நின்னு ஆடுற ஆளு. ஓரத்துல போட்டு ஓடவிட்ராதீங்க."

"இம்புட்டு ஒசரத்த வச்சுக்கிட்டு நடுவுல நின்னு என்ன மாப்ள பண்ணப் போற? ஓரத்துல பறந்துட்டுப் போ."

"பறக்கல்லாம் வராதுண்ணே. பந்து எங்க வரும்னு தெரியும். அம்புட்டுத்தான்."

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தேன்.

அறுபது மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஓடவிட்டு நேரம் எடுத்தேன். வாட்ச் கணக்கில் அவன் பன்னிரண்டு பேரில் பத்தாவது. என் கட்டைவிரல் தாமதமாக அழுத்திவிட்டது என்று முடிவு கட்டினேன். இன்னொரு தடவை ஓடச் சொல்லியிருக்கலாம். வெயில் ஏறிவிட்டது, எனக்குப் பசி. அடித்து, ஒரு விநாடிக்கு மேல் குறைத்து எழுதினேன். மற்ற பதினொரு பேருக்கும் அதே வாட்ச், அதே விரல்தான். அவர்கள் விஷயத்தில் என் விரல்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பிறகு பக்கத்துக்கு ஆறு பேராகப் பிரித்து ஆடவிட்டேன். எந்தப் பக்கம் பந்து போனாலும் அவன் அங்கே முதலில் நின்றான். "பாத்தியா வேகத்த" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒன்பதின்மேல் பேனாவை அழுத்தினேன். அவன் முதலில் போய்ச் சேர்ந்ததைத்தான் பார்த்தேன், எப்போது கிளம்பினான் என்பதைப் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் வெளுத்தவன் இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் சட்டையை வைத்துத்தான் என்னை அடையாளம் காண வேண்டும். பள்ளிக்கூடத்தில், "கருப்பா இருக்கான், ஓடுவான்" என்று வாத்தியார் என்னை நூறு மீட்டரில் தள்ளிவிட்டார். கடைசியாக வந்தேன். அந்த வாத்தியாரை எத்தனையோ வருடம் கேலி செய்தவன் நான்.

கிளப் இரண்டு பேரையும் எடுத்தது. கண்ணாடிக்காரன் நடுவில், இவன் ஓரத்தில். இரண்டு மாதத்தில் போன் செய்தான்.

"அண்ணே, ஓரத்துல நிறுத்தி ஓடு ஓடுன்னு உசுர எடுக்குறாங்க. நான் நடுவுல ஆடுறவன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க எழுதுனதத்தான் நம்புறாங்க."

"மொத சீசன் அப்படித்தான் மாப்ள இருக்கும். பொறுத்துக்க."

நான் சொல்லவில்லை. சொன்னால் என் தாள் தப்பென்று ஆகும். நிபுணன் பட்டம் போய்விடும்.

சீசன் முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டார்கள். காரணம் இரண்டே வார்த்தை: வேகம் போதாது. வேகமில்லாத ஓரத்து ஆட்டக்காரன் என்று பேராகிவிட்டதால் வேறு கிளப் எதுவும் கூப்பிடவில்லை. காசு வந்ததும் சோம்பேறியாகிவிட்டான் என்று டீக்கடையில் சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். அவன் மேற்படிப்பில் சேர்ந்து விளாங்குடிக்கே திரும்பினான். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் நான் சுற்றுவழியில் போவேன்.

போன மாதம் அழகர்கோவில் சாலையில் ஏழு பேர் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். நடுவில் அவன் நின்றான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. என் பக்கத்தில் வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒருவர், வியாபாரத்தை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு ஓடவே மாட்றாரு, பாத்தீகளா? பந்துதான் அவரத் தேடி வருது."

"ம்."

"இல்லண்ணே, அவரு முன்னாடியே போயி நிக்கிறாரு. மத்தவய்ங்க பந்து போனப்பெறகு தொரத்துறாய்ங்க."

கால்பந்துக்கு எத்தனை பேர் என்று சற்று முன் என்னிடமே கேட்ட மனிதருக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஆட்டம் முடிந்து அவன் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பென்சில் மார்க், வாட்ச், டீக்கடைப் பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே சாக்ஸை உதறி மடித்தான்.

"நான் செஞ்சத நானே சரி பண்றேன் மாப்ள. தெரிஞ்ச கிளப்பு ரெண்டு இருக்கு. நடு ஆட்டக்காரன், மூளைக்குப் பத்துக்குப் பத்துன்னு இன்னைக்கே எழுதிப் போடுறேன்."

ஷூவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான்.

"எனக்கு இருபத்தொம்பது வயசாச்சுண்ணே."