வெள்ளானூருக்கு மன்னிப்புக் கேட்கப் போனோம்

அம்பத்தூர் ரயில் நிலையம், சனிக்கிழமை, காலை 7.35.

போதகர் வந்திருந்தார். அங்கி இல்லை, கட்டம் போட்ட சட்டை. ரோஸ்லின் வந்திருந்தார், பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் செயலாளர். ஒரு கையில் இடியாப்ப டப்பா, மறு கையில் ஆட்டுக்கால் பாயா நிரம்பிய தூக்கு. கிங்ஸ்லி வந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எங்கள் சபைக்கு வந்து இரண்டு வருஷம். நான் வந்திருந்தேன். பெயர் தாஸ். கோயிலில் மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, கதவு பூட்டுவது என் வேலை.

டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். 7.50 வண்டி. ஆவடி மூன்றாவது நிலையம். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தொழிற்சாலைக்குப் போகிறவர். தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வாசனை ஆளத் தூக்குது. இன்னா விசேஷம்?"

"விசேஷம் இல்லப்பா. ஒருத்தரு செத்துட்டாருன்னு மணி அடிச்சிட்டோம். அவரப் பாக்கப் போறோம்" என்றார் ரோஸ்லின்.

"சாவு ஊட்டுக்கா பாயா எத்துகினு போறீங்கோ?"

"அவரு உசுரோட கீறாருப்பா. அதான் பிரச்சனையே."

அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மணி அடிச்சது யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"சூப்பர் அண்ணாத்தே" என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் கோயிலில் ஒருவர் இறந்தால் மணி அடிப்போம். வயதுக்கு ஒன்று வீதம். எண்ணிக் கேட்பவர்களுக்கு யார் என்று பாதி தெரிந்துவிடும். ஏழு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, கோயில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்கிற ஆசீர்வாதம் அண்ணனின் மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார், இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்று அழுதார். அப்போது ஐந்தரை மணி. ஏழு மணிக்கு மேல் ஜனங்கள் தொழிற்பேட்டைக்கும் கம்பெனிக்கும் கிளம்பிவிடுவார்கள். அதற்குமுன் தெரிந்தால் லீவு சொல்ல வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். எழுபத்தொன்று அடித்தேன்.

மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வெள்ளானூரில் மகள் வீட்டுக்குப் போனார். அப்புறம் கோயில் பக்கமே வரவில்லை. நான் இரண்டு தடவை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு திருவிருந்தில் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டக் கூடாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழு மாதமாக நான் நீட்டவில்லை. எல்லாரும் முன்னால் போகும்போது மணிக்கயிற்றுப் பக்கம் நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. போன வாரம் போதகர் கவனித்துவிட்டார். கேட்டார், சொன்னேன்.

"போன்ல தீராது தாஸ். நேரா போவோம்" என்றார்.

நாங்கள் கிளம்பிய சனிக்கிழமைக்கு மறுநாள் திருவிருந்து ஆராதனை. அதற்குள் தீர்ந்தால் நல்லது என்றிருந்தது எனக்கு.

8.05, ஆவடி. நிலையத்துக்கு வெளியே டீ பதினைந்து ரூபாய். சூடு இருந்தது, டீ இல்லை. வெள்ளானூருக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு முப்பது. பின்னால் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். நான் ஓட்டுநர் பக்கத்தில் அரை இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்னாலிருந்து ரோஸ்லின், "பாயா, பாயா" என்று கத்தினார்.

"அக்கா, கொயந்தய தூக்கிகினு வர மாதிரி வறியே" என்றார் ஓட்டுநர்.

"நீ பள்ளத்துல எறக்காம ஓட்டு நைனா. உனக்கும் ஒரு இடியாப்பம் உண்டு."

அதன்பிறகு நன்றாக ஓட்டினார். இறங்கும்போது இரண்டு கொடுத்தார் ரோஸ்லின்.

ஆவடியைத் தாண்டினால் கொஞ்ச தூரம் மதில் சுவர். அப்புறம் அடுக்குமாடி. அப்புறம் நெல் வயல், அதன் நடுவே மனை விற்பனைப் பலகை. அப்புறம் மறுபடி அடுக்குமாடி. எட்டு கிலோமீட்டர் இருக்கும். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.

8.55, வெள்ளானூர். தெரு தெரியவில்லை. மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தோம். நெற்றி நிறைய திருநீறு. பெயர் ஏழுமலை. பரம்பரையாக அந்த ஊர் விவசாயக் குடும்பம். இப்போது பாதி நிலத்தில் பயிர், பாதியில் வாடகை வீடு.

"அம்பத்தூர்லேர்ந்து வந்த பெருசா? விடியகாலம் நாலு மணிக்குப் பாட்டு எடுப்பாரே, அவரு தானே? என் ஊட்டுல தான் குடிகீறாங்கோ. வாங்க."

நடந்துகொண்டே பேசினார். அவர் பசு கன்று போட முடியாமல் தவித்த நாளில் ஆசீர்வாதம் அண்ணன் மாட்டுக் கொட்டகையில் முட்டிபோட்டு ஜெபம் செய்தாராம்.

"டாக்டரும் வந்தாரு, அவரும் வந்தாரு. எதுனால பொயச்சுதுன்னு நான் கேக்கல. தெனம் ஒரு சொம்பு பாலு குடுத்துர்றேன். காசு குடுத்தா வாங்கறதில்ல."

கிங்ஸ்லி, "நல்ல ஏற்பாடுதான்" என்றார்.

9.05. ஆசீர்வாதம் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மீசை மட்டும் அப்படியே இருந்தது. போதகருக்கு வணக்கம் சொன்னார். ரோஸ்லினைப் பார்த்துத் தலையசைத்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இன்னா தாசு. இந்த வாட்டி எந்த ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு?"

எட்டு வாக்கியமும் போய்விட்டது. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"மணிக்காகவா நான் கோச்சிகினு கீறேன்?" என்றார். "மணி அடிச்ச, சர்தான். எழுபத்தொண்ணு கரெக்டா அடிச்ச. ஊருக்கே கேட்டுச்சு. எத்தினி பேரு வந்தாங்கோ தெரியுமா எங்க ஊட்டாண்ட?"

எனக்குத் தெரியாது.

"ஒம்பது பேரு. எம் பொண்ணு வாசல்ல நின்னு எண்ணிருக்குது. அதுல ஒருத்தன் பால்காரன், ஒருத்தன் தண்ணி கேன் போடறவன். முப்பத்தெட்டு வருசம் அந்தக் கோயில் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனுக்கும் கைகுடுத்து உள்ள வுட்டேன் தாசு. கொயந்தைங்கோ பேரு மொதக்கொண்டு சொல்வேன். சாவுக்கு ஏழு பேரு."

போதகர் தரையைப் பார்த்தார். "நான் மதுரையில் ஒரு கூட்டத்துல இருந்தேன். திரும்பி வந்து ஆஸ்பத்திரில உங்களைப் பார்த்தேன். ஆனா அன்னிக்கி வரல. உண்மை."

ரோஸ்லின், "நான் சாயங்காலம் அடக்கத்துக்கு வந்துக்கலாம்னு இருந்துட்டேண்ணே" என்றார். சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

கிங்ஸ்லி மூக்கைச் சொறிந்தார். "எனக்கு நைட் ஷிஃப்ட். மணி கேட்டுச்சு. யாரோன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். பொய் சொல்லக்கூடாது பாத்துக்கிடுங்க."

ஆசீர்வாதம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ வந்தியா?"

"இல்லண்ணே."

"ஏன்?"

பொய் எனக்கும் வராது. "குழி வெட்ட ஆள் சொல்லப் போயிருந்தேன்."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டார். ஆசீர்வாதம் அண்ணன் என்னையே பார்த்தார்.

"எங்க?"

"நம்ம கல்லறைத் தோட்டத்துல. மாமரத்தாண்ட."

"அங்க எடம் தர மாட்டாங்களேடா. எல்லாரும் கேட்டுகினு கீறாங்கோ."

"நான் கேட்டேன். குடுத்தாங்க. நீங்க வெயில் தாங்க மாட்டீங்கன்னு சொன்னேன்."

"செத்தவனுக்கு இன்னாடா வெயிலு?"

"வாசல்ல நிக்கும்போதே தாங்க மாட்டீங்களேண்ணே."

முதலில் அவர் மீசைதான் ஆடியது. அப்புறம் வயிறு. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மகள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். வேலிப் பக்கம் நின்ற ஏழுமலையும் சிரித்தார்.

"அந்த எடம் இப்ப யாருக்குக் குடுத்துகிறே?"

"யாருக்கும் குடுக்கல. உங்க பேர்ல தான் கீது."

அவர் எழுந்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பிடிக்கிற மாதிரி.

9.40. இடியாப்பம், பாயா. தூக்கில் பாதிதான் மிஞ்சியிருந்தது. மீதி ரோஸ்லினின் புடவையில். ஏழுமலை பாயா வேண்டாம் என்று தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டார். கிங்ஸ்லி பதினொரு இடியாப்பம் சாப்பிட்டார். பிறகு போதகர் ஜெபம் செய்தார். குட்டி ஜெபம். ஆசீர்வாதம் அண்ணன், "போறாது" என்று சொல்லிவிட்டு அவரே ஒன்று செய்தார். பால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மாடு, கன்று எல்லாம் அதில் வந்தன. நானும் வந்தேன்.

11.20, திரும்பும் ஆட்டோ. முப்பது ரூபாய்தான்.

எங்கள் கோயில் மணி கேட்கிற தூரத்தில் முந்நூறு வீட்டுக்கு மேல் இருக்கும். நான் நன்றாக அடித்தால் வேலை முடிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெள்ளானூரில் மணி கிடையாது. ஏழுமலை தினமும் சொம்போடு வருகிறார், அண்ணன் எழுந்துவிட்டாரா என்று பார்க்கிறார், போகிறார். வண்டியில் இதைப் போதகரிடம் சொன்னேன். நாளைய பிரசங்கத்துக்கு இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இனி யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மணி அப்புறம்.

ஞாயிறு, காலை 7.40. கோயில் வாசலில் ஆட்டோ நின்றது. ஆசீர்வாதம் அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார். யாரிடமும் கேட்காமல் வலதுபக்கக் கதவை ஒட்டி நின்றார்.

வந்தவர்கள் திகைத்தார்கள். ஓர் அம்மா, "ஸ்தோத்திரம்" என்று சொல்லவும் மறந்து நின்றுவிட்டார். "பேய் இல்லம்மா, உள்ள போ" என்றார் அண்ணன். ஒருவர் விடாமல் கை கொடுத்தார். பேர் சொல்லிக் கொடுத்தார். ரோஸ்லின் முந்தின நாளே வீடு வீடாகப் போன் செய்துவிட்டார் போல. வழக்கமாக வராதவர்களும் வந்தார்கள்.

ஆராதனை தொடங்கும் மூன்றாம் மணி அடித்துவிட்டு, கயிற்றைக் கட்டிவிட்டு, கடைசி ஆளாக நான் கதவுப் பக்கம் வந்தேன். திருவிருந்துக்குப் போகப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். என் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் உதடு அசைந்தது. கை கொடுத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நூத்தி எம்பத்தேழு" என்றார்.