லீவில் வரும் வரைக்கும்

ராஜபாளையத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டரம்மா ஒன்று சொன்னார்: "மாசமா இருக்கவ ரத்தம் படுதுன்னு வந்தா நீ பதறாத. துணியப் பாரு. எம்புட்டு, என்ன நிறம், வலி இருக்கா, மயக்கம் வருதான்னு கேளு."

பேண்டேஜ் துணி நெய்கிற ஊரில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கிழித்துக் கொடுப்போம். வீட்டிலிருந்து அவர்கள் வைத்து வருவது கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்கும். கறை எங்களுக்குத் தெரிய வேண்டும். அவர்களுக்கோ வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கான்சாபுரத்திலிருந்து செல்வி அப்படித்தான் வந்தாள். புருஷன் பட்டாளத்தில். இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் லீவில் வந்திருக்கிறார். இப்போது மறுபடி மூன்றாம் மாதம்.

"மாமியார்ட்ட சொன்னியா?"

"சொன்னா தீட்டுன்னு தனியா உக்கார வச்சிருவாவ, சிஸ்டர். இதுவும் போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அதான் எப்பவும் போல தண்ணி எடுத்துக்கிட்டு, பொங்கிக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, தீட்டும் இதுவும் ஒண்ணா? இத்தன நாளா மறைச்சு வச்சிருக்கியே!" என்று சத்தம் போட்டேன்.

அவள் நிமிரவே இல்லை. "அவிய அடுத்த வாரம் லீவுல வாராவ. அதுவரைக்கும் இருந்தாக்கூடப் போதும்."

வெள்ளைத் துணியைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன்.

துணியில் பழுப்பாகக் கொஞ்சம்தான் பட்டிருந்தது. வலி இல்லை. அப்போதுதான் எங்களுக்கு ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. டாக்டரம்மா திரையைக் காட்டினார். "துடிப்பு இருக்கு பாரு. இப்படிக் கொஞ்சமாப் பட்ட நெறையப் பேருக்கு நல்லபடியாப் பெறந்திருக்கு. ஆனா உறுதி சொல்ல மாட்டேன். செவப்பா கூடுதலாப் பட்டாலோ, வயிறு வலிச்சாலோ, கண்ண இருட்டிக்கிட்டு வந்தாலோ உடனே வந்திரணும்."

அவளுடைய ஏக்கம் என்னையும் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து, வருகிற போகிற பெண்களில் அவள் முகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

சொன்னபடியே அவள் புருஷன் வந்தார். பெட்டியை வீட்டில் வைத்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வந்திருந்தார். ஸ்கேன் அறையில் குனிந்து திரையையே பார்த்தார். "இதா? இம்புட்டுக்காணு இருக்கு, என்னா வேகமாத் துடிக்கி!" என்றார். செல்வி திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

லீவு முடிவதற்குள் மறுபடியும் பட்டது. இந்தத் தடவை சிவப்பாக, வலியோடு. தாமதிக்காமல் கார் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரு தங்கவில்லை.

"கொடம் தூக்குனதாலயா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"இல்லட்டி. கரு சரியா அமையலன்னா அதுவாப் போயிரும். நீ செஞ்சது எதாலயும் இல்ல."

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கரு தங்காமல் போனவர்கள் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். வாய்விட்டுக் கேட்காதவர்கள்தான் அதிகம்.

வெளியே வராந்தாவில் அவர் அழும் சத்தம் கேட்டது. செல்வி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத ரெண்டுக்கும் நான் ஒருத்தியாத்தான் அழுதேன், சிஸ்டர்."

அதுவரை அந்த வார்டுக்குள் ஆண்களை நாங்கள் விட்டதில்லை. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவரை உள்ளே வரச் சொன்னேன்.