நூறாம் சேனல்

ஒரு பொருள் ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் தங்கச்சிமடத்து ஜெர்லினுக்குச் சோறு இறங்காது. காரங்காட்டில் பிறந்து, ராமநாதபுரத்தில் டிப்ளமோ படித்து, விசைப்படகுக்காரன் டேவிட்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். வீட்டு முன்னறையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறாள். உப்புக்காற்று தின்ற போன்களுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. யாரோ தூக்கிப் போட்ட ரவுட்டர் ஒன்றில் கம்பெனி மென்பொருளை அழித்துவிட்டு, உள்ளே நடப்பதையெல்லாம் காட்டுகிற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றி வீட்டுக்கு வைஃபை கொடுத்திருந்தாள். தெருவிலிருந்த மற்ற வைஃபைகள் கீழ்ச் சேனல்களில் முட்டி மோதிக்கொண்டிருந்ததால், தன்னுடையதை ஆளில்லாத நூறாம் சேனலில் வைத்தாள்.

அது திடீர் திடீரென்று நின்றது. அடாப்டரை மாற்றினாள். ஆன்டெனா முனையில் பூத்திருந்த துருவைச் சுரண்டினாள். ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை. பெரும்பாலும் திங்கள், புதன், சனிதான் நின்றது. விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாட்கள். மாமியார் ஜெபமாலை சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெர்லின், ரவுட்டர் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்தாள். நின்ற ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருந்தது: நூறாம் சேனலில் ரேடார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த மேல் சேனல்களில் ரேடாருக்குத்தான் முதல் மரியாதை. ரேடார் காதில் விழுந்தால் வைஃபை வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருந்து கேட்டு, ஒன்றும் இல்லையென்றால்தான் மறுபடி பேசலாம். ரேடாருக்கு வழிவிட வேண்டாத முப்பத்தாறாம் சேனலுக்கு மாற்றினால் கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் அறுபடாது. ஒரு நொடி வேலை. ஜெர்லின் மாற்றவில்லை.

கடலில் ரேடாரோடு சுற்றுவது யார்? கிழக்கே எல்லைக்கோட்டுப் பக்கம் வரும் ரோந்துக் கப்பல். அப்படித்தான் அவள் நினைத்தாள். யாருடைய ரேடார் என்று ரவுட்டருக்குத் தெரியாது. இதை அவளுக்கு யார் சொல்வது? அடுத்த முறை வைஃபை நின்றபோது படகோடு பேச வீட்டிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்து, "வலைய இழுத்துக்கிட்டுத் திரும்புங்க" என்றாள். டேவிட்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான். அன்று திரும்பாத படகுகளை ரோந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னொரு முறையும் அப்படியே பலித்தது. இரண்டு முறை பலித்தால் போதாதா நம் ஆட்களுக்கு? கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதையே டேவிட்ராஜ் விட்டுவிட்டான். "நெட்டு நிக்குதா?" என்று மட்டும் கேட்பான். தெருப் பெண்களும் வாசலில் நின்று அதையே கேட்டார்கள். ஜெர்லினுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மகள் அனிட்டாவுக்கு வெள்ளிக்கிழமை ஆன்லைனில் தேர்வு. நடுவில் அறுந்தால் பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும். ஜெர்லின் சேனலை முப்பத்தாறில் வைத்தாள். தேர்வு ஒழுங்காக முடிந்தது. பிள்ளை சிரித்த சிரிப்பில் தாய்க்கு மற்றதெல்லாம் மறந்துபோனது.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஜெர்லினு, நெட்டு நிக்குதா?"

"இல்லங்க. காலையில இருந்து ஒரு தடவகூட நிக்கல. கிண்ணுன்னு ஓடுது."

"அப்ப சரி. மீனு கெழக்கதான் கெடக்கு. இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போயி ஒரு வல போட்டுட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். ரிப்பேருக்கு வந்த போனில் வைஃபை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ரவுட்டர் பக்கத்தைத் திறந்தாள். சேனல் என்ற இடத்தில் முப்பத்தாறு என்று இருந்தது.

தேர்வுக்காக மாற்றியதை அவள் திரும்ப மாற்றவே இல்லை. சட்டென்று நூறுக்கு மாற்றினாள். போனிலிருந்து வைஃபையின் பெயர் மறைந்தது. ரவுட்டர் கேட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு நிமிடம்தான், இப்போது வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாதாவே, இந்த ஒரு தடவை வந்துவிடட்டும். நிமிடம் கடந்தது. பெயர் வரவில்லை. இன்னொரு நிமிடமும் போனது.

வாக்கி டாக்கியை அள்ளி எடுத்தாள். "என்னங்க, வலைய அறுத்து விட்டுட்டு வாங்க. நாந் தப்பாச் சொல்லிட்டேன். கேக்குதா? வந்துருங்க."

இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். அதற்கும் இரைச்சல்தான்.

உள்ளே அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஜெபமாலை, எப்போதும் கேட்பதுபோலக் கேட்டாள்:

"ஏத்தா, நெட்டு நிக்கலையே?"