றங்குப்பெட்டியில் தூவின திருநீறு

எனக்குக் கோவம் மூக்கு நுனியில. வயசு போனால் குறையும் எண்டு சொல்லுவினம், பொய். இருபத்துநாலு வயசில எப்பிடி இருந்திருப்பன் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. அந்த வயசில நான் ஒரு மனிசனுக்கு அறைஞ்சனான். அந்த அறையைப் பற்றித் தான் இதை எழுதிறன். எழுத வெக்கமாக் கிடக்கு, எண்டாலும் எழுதாமல் சாக மனமில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். யாழ்ப்பாணத்தில இருந்து கிளாக்கர் உத்தியோகத்துக்கு வந்த நாங்கள் நாலு பேர் கொழும்பு வெள்ளவத்தையில, கடற்கரைக்குப் போற ஒழுங்கை ஒண்டில வீடு எடுத்து இருந்தனாங்கள். இப்பிடிச் சேர்ந்திருந்து ஒரே அடுப்பில சமைப்பிச்சுச் சாப்பிடுறதைச் சமறி எண்டு சொல்லுறது. சமறிக்குப் பெரியவர், எங்களுக்கெல்லாம் மூத்த ஒருத்தர், நாங்கள் 'அண்ணை' எண்டு கூப்பிடுவம். அடுத்தவர் வாசல் நிலையில தலை இடிக்கிற நெடுவல். மூண்டாமவர் எந்த நேரமும் வாயில வெத்திலை. நாலாவது நான். நாலு பேரும் சைவம், விடியக் கிணத்தடியில குளிச்சு, சாமித்தட்டுக்கு முன்னால நிண்டு நெத்தி நிறையத் திருநீறு பூசாமல் தேத்தண்ணி வாயில படாது.

எங்கட பழைய சமையல்காரன் தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஊருக்குப் போனவன், போனவன் தான். அந்த இடத்துக்குக் கொட்டாஞ்சேனையில இருந்து ஒருத்தர் வந்தார். வேதக்காரர். நாப்பது வயசு இருக்கும், மெலிஞ்ச உடம்பு, கழுத்தில கறுத்த நூலில ஒரு சிலுவை. "வேதக்காரன் வைச்ச குழம்பு எண்டால் புளி புளிக்காதோ?" எண்டு நான் தான் அண்ணையோட வாதாடி அவரை வைச்சனான். அண்ணை ஒரு கட்டளையோட சம்மதிச்சார்: சாமித்தட்டுக்குக் கிட்ட அவர் வரக்கூடாது. அவரும் ஒரு நாளும் வரேல்லை, கூட்டும்போது கூட அந்த மூலையை விட்டிட்டுத் தான் கூட்டுவார்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. துறைமுகப் பண்டகசாலை ஒண்டில காவல்காரன் வேலை. நிரந்தர வேலை, வீட்டுக்குக் கிட்ட, பெண்சாதி பிள்ளையோட இருக்கலாம். ஆனால் இருந்த இடத்தில நல்லவன் எண்டு எஜமான்மார் கையெழுத்து வைச்ச கடிதம் வேணும். வாற மாசத்து முதல் திங்கட்கிழமை கொண்டு போய்க் குடுக்கவேணும். "நாங்கள் தாறம், பயப்பிடாதை," எண்டு அண்ணை வாக்குக் குடுத்தவர். அந்த நாள் தொடக்கம் எங்களுக்குக் கிடைச்ச தேங்காய்ச் சம்பலின்ர ருசியைச் சொல்லி வேலையில்லை!

இது இப்பிடி இருக்க, வீட்டில சாமான் காணாமல் போகத் துவங்கிச்சு. முதல்ல வெத்திலைக்காரரின்ர பவுண்டன் பேனை. பிறகு நெடுவலின்ர சட்டைத் தங்கப் பொத்தான் ரெண்டு. ஆரும் ஆரையும் ஒண்டும் கேக்கேல்லை. ஆனால் எல்லாரும் பெட்டிக்குப் பூட்டு வாங்கினம்.

அந்தக் கிழமை தான் சனிக்கிழமை மத்தியானம் கந்தோர் வேலை முடிஞ்சாப்போல நாலு பேரும் மருதானைப் பக்கம் ஒரு இங்கிலீசுப் படம் பார்க்கப் போனனாங்கள். தொழிலாவே களவெடுக்கிற ஒருத்தனும் அவனைத் துரத்திற துப்பறிகிறவனும். கள்ளன் எண்டால் உங்கட எங்கட கள்ளன் இல்லை, கோட்டும் சூட்டும். கடற்கரை ஹோட்டல் ஒண்டில தங்கி, பணக்காரரின்ர நகையளை ஒவ்வொண்டாத் தூக்கிறான். அவனில ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை, ஏனெண்டால் முதல்ல களவு போனது அவன்ர தங்கச் சிகரெட் பெட்டி! தானே ஒளிச்சு வைச்சிட்டு 'ஐயோ என்ர பெட்டி' எண்டு கத்தினவன். கடைசியில துப்பறிகிறவர் ஒரு கண்ணாடிக் குவளையில பவுடரைத் தூவி, ஊதி, விரல் அடையாளத்தைப் பிடிச்சு, ஆளையும் பிடிக்கிறார். கூட்டம் எழும்பி நிண்டு விசிலடிச்சுது.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில நிண்டு முழுக்கதையையும் நான் சமையல்காரருக்குச் சொன்னன். தேங்காய் திருவின கையை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டார். "அவன்ட சாமானையே அவன் களவெடுத்தானா ஐயா? பொல்லாத மூளை!" எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பில கூட எனக்கு அண்டைக்குச் சந்தேகம் வந்தது. கள்ளனின்ர மூளையைப் புகழுறானே எண்டு.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு பேரும் கடற்கரையில இருந்து யோசிச்சம். யோசனை என்ர தான், மற்ற ஆக்களில பழி போட மாட்டன். பவுடருக்கு எங்க போறது? வீட்டில மா மாதிரி அரிச்ச திருநீறு இருக்கு. என்ர உடுப்பு வைக்கிற தகர றங்குப்பெட்டியைப் பூட்டாமல் விட்டு, அதுக்குள்ள என்ர கைமணிக்கூட்டை வைச்சு, மூடியிலயும் கைபிடியிலயும் திருநீறைத் தூவி விடுவம். ஆர் திறக்கிறானோ அவன்ர கை வெள்ளை! "நல்ல மூளையடாப்பா," எண்டார் அண்ணை. நெடுவல் கை தட்டினார். வெத்திலைக்காரர் துப்பிப்போட்டுத் தலையாட்டினார். அந்த மணிக்கூடு நான் கிளாக்கர் சோதினை பாஸ் பண்ணினதுக்கு என்னைப் பெத்த ஐயா வாங்கித் தந்தது.

புதன்கிழமை விடிய தூவினம். வழமை போல ஒவ்வொருத்தராக் குளிக்கப் போனம், வந்தம், கும்பிட்டம், உடுத்தம். கந்தோருக்கு வெளிக்கிட முன்னம் பெட்டியைத் திறந்தால், மணிக்கூடு இல்லை.

"டேய், இங்க வா!" எண்டு நான் கத்தின கத்தில, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோட ஓடி வந்தார் சமையல்காரர். "கையை விரி!" விரிச்சார். ரெண்டு உள்ளங்கையும் வெள்ளை.

வேதக்காரன்ர கையில திருநீறு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கையும் களவுமாப் பிடிச்சாச்சு எண்டு நெடுவல் துள்ளினார். "சாமித்தட்டைத் தொட்டனியோ?" எண்டு அண்ணை கேட்டார். "இல்ல ஐயா, மாதா மேல ஆணை." "அப்ப எங்கால திருநீறு?" "கூட்டுறதுக்குப் பெட்டியை இழுத்தனான் ஐயா. ஒவ்வொரு நாளும் இழுக்கிறது தானே." அவரின்ர மடி, பாய், தலையணை, அரிசிச் சாக்கு எல்லாம் தேடினம். மணிக்கூடு இல்லை. "கூட்டாளியிட்டக் கை மாத்திப்போட்டான்," எண்டார் வெத்திலைக்காரர்.

அப்ப அந்த மனிசன் எங்கள் நாலு பேரையும் ஒருக்காப் பார்த்தார். "ஐயாமாரின்ட கையிலயும் இருக்கே," எண்டார்.

அந்த வாய் மூட முன்னம் நான் அறைஞ்சிட்டன். எங்களையோ கள்ளர் எண்டுறாய், வாய்க்கொழுப்பு எண்டு கத்தினன். அவர் கன்னத்தைப் பொத்தேல்லை. தும்புத்தடியைச் சுவரில சாத்தி வைச்சார், உடுப்புப் பொட்டலியை எடுத்தார். "அந்தக் கடிதம்..." எண்டு அண்ணையைப் பார்த்துத் துவங்கினார். "பொலிசுக்குச் சொல்லாமல் விடுறமே, அது போதாதோ?" எண்டார் அண்ணை.

ரெண்டு நாள் நெடுவல் பொங்கின சோத்தைத் திண்டம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விரதம், கொஞ்சம் கூடவே திருநீறு பூசிக்கொண்டு கந்தோருக்குப் போனன். பதினொரு மணி இருக்கும். மேசையில கிடந்த கறுத்த மட்டைப் புத்தகத்தை எடுத்தால் அதில பளிச்செண்டு ஒரு வெள்ளைப் பெருவிரல். என்ர விரல் தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தன்.

அட, விசரா! நாலு பேரின்ர கையிலயும் ஒவ்வொரு நாளும் விடியத் திருநீறு. அந்தப் பொறியில எங்களில ஒருத்தனும் விழ ஏலாது. கையில திருநீறு இருக்கக் கூடாத ஒரே ஒரு மனிசன் தான் அதில விழலாம், அதுவும் கூட்டப் போன பாவத்துக்கு. அந்த மனிசன் அதைத் தான் சொன்னது. நான் அதுக்குத் தான் அறைஞ்சது. அதோட இன்னொண்டும் விளங்கிச்சு: பொறி வைச்சது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். தன்ர கையை ஒருத்தரும் பார்க்க மாட்டினம் எண்டு தெரிஞ்ச ஒருத்தன் கடற்கரையில எனக்குப் பக்கத்தில இருந்து தலையாட்டி இருக்கிறான்.

பின்னேரம் வீட்டை வந்து அப்பிடியே சொன்னன். "முடிஞ்ச கதையை ஏன் கிண்டுறாய்?" எண்டார் அண்ணை. "அப்ப எங்களில ஒருத்தன் எண்டுறியோ?" எண்டு நெடுவல் சண்டைக்கு வந்தார். வெத்திலைக்காரர் அண்டைக்கு வெத்திலையே போடேல்லை. நான் மூண்டு பேரையும் பார்த்தன். மூண்டு பேரும் என்னைப் பார்த்தினம். சாப்பிட்ட கையோட ஆளுக்கொரு மூலையில படுத்திட்டம்.

சனிக்கிழமை விடியக் குளிச்சிட்டு வந்து வேட்டி எடுக்கப் பெட்டியைத் திறந்தன். மடிப்புக்குள்ள என்ர மணிக்கூடு! கண்ணாடியில வெள்ளையா ஒரு விரல் அடையாளம். "அண்ணை!" எண்டு கூப்பிட்டன். அவர் வந்து வாங்கிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே சால்வைத் தலைப்பால கண்ணாடியைத் துடைச்சார், துடைச்சிட்டு என்னட்டத் தந்தார். பழக்கத்தில துடைச்சாரோ, வேணுமெண்டு துடைச்சாரோ, கடவுளுக்குத் தான் வெளிச்சம். ஆனால் நெடுவல் அண்டைக்கு எல்லாருக்கும் முந்திக் குளிச்சுத் திருநீறு பூசினவர். வெத்திலைக்காரர் முகம் பேயறைஞ்ச மாதிரி. ஆரை எண்டு சந்தேகப்படுறது?

"கடிதம் எழுதப் போறன். நாலு பேரும் கையெழுத்து வைக்கவேணும்," எண்டன். ஆராவது மாட்டன் எண்டால் அவன் தான் கள்ளன் எண்டு பிடிச்சிடலாம் எண்டு எனக்குள்ள ஒரு நினைப்பு, படம் பார்த்த கொழுப்பு இன்னும் அடங்கேல்லை. நல்ல இங்கிலீசில எழுதினன்: இவர் எங்கட வீட்டில வேலை செய்தவர், நேர்மையானவர், எதையும் நம்பி விடலாம். அண்ணை வாசிச்சார், கையெழுத்து வைச்சார். நெடுவல் வாசிக்காமலே வைச்சார். வெத்திலைக்காரர் ரெண்டு தரம் வாசிச்சிட்டு வைச்சார். கடைசியா நான். ஒரு கையும் நடுங்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் பூசை முடியிற நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனன். வரிசையா அறையள், நடுவில எல்லாருக்கும் ஒரு தண்ணிப் பைப். கோயிலால வந்த வெள்ளைச் சட்டையோட அவர் வாசலில நிண்டார். என்னைக் கண்டதும் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா. அவர் ஒரு கதிரையைத் தட்டிப் போட்டார். நான் அதில இருக்கேல்லை. "நான் பிழை விட்டிட்டன். மணிக்கூடு கிடைச்சிட்டுது. எங்களில ஒருத்தன் தான் எடுத்தது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," எண்டன். அவருக்குக் கண் கலங்கிச்சு. "நல்லது ஐயா. வீட்டுக்காரி நாலு நாளா அழுறா," எண்டார்.

கடிதத்தை விரிச்சுத் தமிழில வாசிச்சுக் காட்டினன். 'நேர்மையானவர்' எண்ட இடத்தை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். பிறகு அடியில இருந்த கையெழுத்தை விரலால எண்ணினார்.

"நாலு பேரும் வைச்சீங்களா ஐயா?"

"ஓம், நாலு பேரும்."

"அப்ப எடுத்தவரும் இதில வைச்சிருக்கிறார்."

அவரின்ர விரல் திரும்ப முதல் கையெழுத்துக்குப் போச்சு.

"எந்தக் கையெழுத்து ஐயா அது?"

"தெரியாது," எண்டன். "உண்மையாத் தெரியாது."

அவர் கடிதத்தை வந்த மடிப்பிலயே மடிச்சு என்ர கையில வைச்சார். "கள்ளன்ட கையெழுத்தைக் காட்டிக் காவல் வேலை கேக்கேலாது ஐயா. நாளைக்கு ஒரு சாமான் காணாமப் போனா எனக்கே என்னைப் பிடிக்காது."

எனக்கு வந்ததே கோவம்! நாளைக்குத் திங்கள், இது இல்லாட்டி வேலை இல்லை, இந்த மனிசன் வீம்பு பிடிக்குதே எண்டு. "அவங்கள் மூண்டு பேரையும் விடுங்கோ! என்ர கையெழுத்தையாவது நம்புங்கோவன். களவு போனதே என்ர மணிக்கூடல்லோ!" எண்டு கத்திப்போட்டன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோவமாக் கேக்கேல்லை, மரியாதையாத் தான் கேட்டார்.

"படத்திலயும் களவு போனது அவன்ட சிகரெட் பெட்டி தானே ஐயா? நீங்க தானே சொன்னீங்க."

வேலை வேற ஆருக்கோ போச்சு. அந்த மாச முடிவோட சமறியும் கலைஞ்சுது, ஒருத்தர் ஒருத்தரின்ர புது விலாசம் கேக்கேல்லை. நான் கிருலப்பனையில தனிய ஒரு அறை எடுத்தன். ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் கிராண்ட்பாஸ் ட்ராமில ஏறினால், சனத்துக்குள்ள அவர் இருக்கிறார். தோள்மூட்டில தழும்பு, துறைமுகத்தில மூட்டை சுமக்கிறவரெண்டு பார்க்கவே தெரிஞ்சுது. பக்கத்தில ஒரு இடம் காலி. இருந்தன்.

"சுகமா இருக்கிறியளோ?" எண்டன்.

"சுகம் ஐயா," எண்டு சிரிச்சார். அவரின்ர மடியில கடதாசியில சுத்தின ஒரு சின்னப் பொதி. என்னோட கதைச்சுக்கொண்டே அதை எடுத்து, என்ர பக்கம் இல்லாத மற்றப் பக்கத்தில வைச்சு, அதுக்கு மேல கையையும் வைச்சார். நான் அடுத்த தரிப்பில இறங்கி மிச்சத் தூரத்தை நடந்து போனன்.