ஒஸ்லோவில் எங்கே சாப்பிடுவது

துபாயின் சத்வா பகுதியில் தையல் கடைகளுக்கு நடுவே உள்ள சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம். என் எதிரே இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் பரோட்டாவைத் தொடாமல் ஒரு தாளை மனப்பாடம் செய்கிறார். விசாவுக்குப் பொறுப்பேற்ற கபீல், அதாவது அரபு முதலாளி, அதை ரத்து செய்துவிட்டார். ஊருக்குப் போனால் ராணுவம் பிடிக்கும் என்பதால், நாளை சுற்றுலாப் பயணி என்று சொல்லி ஒஸ்லோவில் இறங்கப் போகிறார். தாளில் இருப்பவை, அங்கே பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி கேட்டால் சொல்வதற்கான அந்த நகரத்து உணவகங்கள்.

இந்தியாவில் விமான நிலையத்தில் முப்பது வருடம் பாஸ்போர்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான் என்று தெரிந்ததும் என்னிடம் ஒப்பிக்கிறார். ஒன்பது உணவகங்கள், தெருப் பெயரோடு. துறைத் தேர்வில் நான்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

"சரியோ ஐயா?"

"ரொம்ப சரி. அதனாலேயே மாட்டிப்பீங்க. ஊர் சுத்தப் போறவன் எங்கே சாப்பிடறதுன்னு அங்கே போய்த்தான் கேப்பான்."

"ரெண்டு கிழமையாப் பாடமாக்கினது. அப்ப தெரியாதெண்டு சொல்லட்டோ?"

"சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க."

உதட்டை விரித்து, "தெரியாது" என்கிறார். இதே சிரிப்பைப் பார்த்துத்தான் எத்தனையோ பேரை நான் வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

"இப்பச் சரியோ?"

சரி என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன பரோட்டாவை அவர் பக்கம் நகர்த்துகிறேன்.