எஞ்சினுக்குப் பூசிய பவுடர்

முகத்தில் ஒரு நாளும் பவுடர் பூசாத மனிதருக்கு அந்தத் தெருவில் ‘பவுடர்’ என்று பேர். லாரி மெக்கானிக். காலையில் குளித்துவிட்டு வரும்போது இருக்கிற முகம் பத்து மணிக்குள் கிரீஸில் காணாமல் போய்விடும். சாயங்காலம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் திரும்பக் கிடைக்கும். புதிதாக வருகிற டிரைவர்கள் ‘பவுடர் பட்டறை எது?’ என்று கேட்டுக்கொண்டு வந்து, ஆளைப் பார்த்ததும் பக்கத்துப் பட்டறையை எட்டிப் பார்ப்பார்கள்.

பேருக்குக் காரணம், அவர் எண்ணெய்க் கசிவைப் பிடித்த விதம். எஞ்சின் எண்ணெய் கசிகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் இன்னொன்று. மேலே ஏதோ ஒரு மூடியோரத்தில் கசிந்தது, எஞ்சின் உடம்பெல்லாம் ஊர்ந்து, ஓட்டத்தில் அடிக்கும் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் கியர்பாக்ஸ் மூலையில், நான் இங்கேதான் பிறந்தேன் என்று சத்தியம் செய்கிற மாதிரி சொட்டும். சொட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன் நிரபராதியைத்தான் உள்ளே தள்ளுவான். ஆகவே அவர் எஞ்சினை டீசலில் கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு, காற்றடித்து உலர்த்தி, மெல்லிய துணியில் முகப் பவுடரைப் பொட்டலமாகக் கட்டி மேலெல்லாம் தட்டுவார். எஞ்சின் வெள்ளை வெளேரென்று நிற்கும். ஸ்டார்ட் பண்ணிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். முதலில் எங்கே ஈரம் கறுக்கிறதோ, அதுதான் குற்றவாளியின் வீடு.

இதில் மனைவி வந்து சேர்ந்தது யாரும் திட்டமிட்டதல்ல. கல்யாணமாகி ஒன்பதாம் நாள் பட்டறையில் பவுடர் தீர்ந்துபோயிற்று. குடித்தனம் பட்டறைக்கு மேலேயே. ஒரே அறை, ஒரு ஜன்னல், இரும்புப் படி. கண்ணாடி முன்னால் இருந்த புது டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். அந்த ஒன்பது நாளில் இருவரும் பேசிக்கொண்டதை எல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதி மிச்ச இடத்தில் விலாசமும் எழுதலாம். டப்பாவைத் தேடி அவள் கீழே வந்தபோது, அவளுக்கு வாங்கிய பவுடரில் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று அலங்காரம் பண்ணிக்கொண்டு நின்றது.

“எம் மூஞ்சிக்கு வாங்கினதை இதுக்கா பூசினீங்க?”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “கசிவு பாக்கணும்.”

“பாத்து?”

“அடைக்கணும்.”

“சரி, பாருங்க. நானும் பாக்கறேன். டப்பா என்னுது” என்று, கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தாள்.

பவுடர் பூசினால் விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசிறிக் காற்றில் பவுடர் முழுக்கப் பறந்து மெக்கானிக் மேல் படிந்துவிடும். பெல்ட் இல்லாமல் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும். ஆகவே பத்து நிமிஷம் ஓட்டம், அரை மணி ஆறவைப்பு. அவர்களுடைய தாம்பத்தியமும் பத்துப் பத்து நிமிஷமாகத்தான் வளர்ந்தது. விசித்திரம் என்னவென்றால், அமைதியான மாடி அறையில் வராத பேச்சு, காதைக் கிழிக்கிற இந்தச் சத்தத்தில் வந்தது. கத்தினால்தான் கேட்கும் என்பதால் கூச்சத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கியதை அவள் கத்தினாள். தனக்கு இருட்டென்றால் பயம் என்று அவர் கத்தினார். ஆறவைக்கிற அரை மணியில் இருவரும் பழையபடி மௌனமாகித் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தடவை அவள், “உங்களை எனக்கு முதல்ல பிடிக்கல, இப்பப் பிடிச்சிருக்கு!” என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கையில் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. பின்பாதி மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்ப் பட்டறை வெல்டர் ஒரு மாதம் வரை, யார் எதைப் பற்றிக் கேட்டாலும், “இப்பப் பிடிச்சிருக்கு” என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கண் கூர்மை. ஊசிமுனை அளவு ஈரம் தெரிந்தாலும் “அதோ!” என்பாள். அவர் கண்ணுக்கு அது தெரிய இன்னும் ஒரு நிமிஷமாகும். டிரைவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

இருபது வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அவருக்கு அனுபவம் வந்துவிட்டது. அனுபவம் வந்தவர்களுக்குப் பார்க்கத் தேவையில்லை. எங்கே சொட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே, எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையங்களில் எந்த சீல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாகவும் இருக்கும். பவுடர் வாங்குவது நின்றது. படியிறங்கி வர அவளுக்கும் காரணம் நின்றது. பேர் மட்டும் வேலையை விடவில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்போதாவது பஸ்ஸில் யாரிடமிருந்தாவது அந்த மலிவுப் பவுடர் வாசனை வந்தால் மட்டும், அவருக்கு டீசல் ஞாபகமும், எதையாவது உரக்கச் சொல்ல வேண்டும் போன்ற ஒரு தவிப்பும் வரும். வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சரியாக வராத அந்தப் பத்தாவது கசிவு, மனைவியின் தம்பி லாரியில் வந்தது.

தம்பி ஒரு பிஸ்கட் கம்பெனிக்குச் சரக்கு ஓட்டுகிறவன். வண்டியும் அவனுடையது, பிழைப்பும் அந்த ஒரே கம்பெனி. அவர்கள் உள்ளே தரை முழுக்க வெளிர் நிறக் கல் பதித்துவிட்டு, கறை படக்கூடாது என்று வாசலில் ஒரு சோதனை வைத்தார்கள். வாட்ச்மேன் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையைத் தள்ளிவைத்து, கால் மணி கழித்து இழுத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி திரும்பிப் போக வேண்டும். இரண்டாவது தடவையும் சொட்டினால் பட்டியலிலிருந்து பேர் அடிபடும். தம்பியின் வண்டி ஒரு தடவை திரும்பியாயிற்று. அடுத்த லோடு செவ்வாய்க்கிழமை.

கியர்பாக்ஸ் பக்கம் சொட்டியது. எஞ்சினின் பின்பக்க சீல் என்று பார்க்காமலே சொல்லி, கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார். இரண்டே வாரத்தில் மறுபடி சொட்டியது. மறுபடி இறக்கி மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி மூன்றாவது தடவையாக வந்து நின்றது.

“மாமா, வண்டிக்குத் தீராத சளி மாதிரி ஆயிடுச்சு.”

“சீல் மட்டம், மாப்ள.”

“ரெண்டுமேவா?”

அவர் மூன்றாவது சீலை உறையிலிருந்து பிரித்தார்.

“மூணாவதையும் அங்கயே போட்டுட்டு, செவ்வாக்கிழமைலேர்ந்து என் தம்பியை வீட்டுல உக்கார வைக்கப் போறீங்களா?” என்று மேலே ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“மேலேர்ந்து பாத்தா எல்லாம் சுலபந்தான்.”

“அப்ப கீழ வரேன்.”

முட்டிவலி வந்ததிலிருந்து அந்த இரும்புப் படியை அவள் அவசரத்துக்குத்தான் உபயோகிப்பாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கி வந்தாள். கையில் பவுடர் டப்பா.

“இனிமே என் மூஞ்சிக்கு இது பிரயோஜனமில்ல. எஞ்சினாவது அழகாகட்டும்.”

அவர் பிரித்த சீலைப் பத்திரமாக உறைக்குள் திரும்ப வைத்தார். கேபினை முன்பக்கம் சாய்த்து, கழுவி, உலர்த்தி, பவுடர் தட்டி, பெல்ட்டைக் கழற்ற மத்தியானமாகிவிட்டது. தம்பி சாவியைத் திருப்பினான். இருவரும் ஆளுக்கொரு டின்னில் உட்கார்ந்தார்கள்.

“பின்பக்கத்தையே பாக்காதீங்க!” என்று அவள் கத்தினாள்.

“பழக்கம்!” என்று அவர் கத்தினார்.

நாலாவது நிமிஷம், “அதோ!” மேல் மூடியின் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. அவர் எழுவதற்குள், “அதோ, இன்னொண்ணு!” எண்ணெய் அளவு பார்க்கிற குச்சி செருகிய வாயில். எழுந்து குனிவதற்குள் முன்பக்க மூடியின் அடியிலும் ஒன்று.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். “மூணு எடம்” என்றார், நம்பாமல். “மூணும் எப்படி ஒரே சமயத்துல போகும்?”

“மூணு பிள்ளைங்க ஒண்ணா அழுதா, மூணுக்கும் தனித்தனியா வயித்து வலியாவா இருக்கும்? உள்ள யாரோ அடிக்கறாங்க.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகினார். மூடி கையிலிருந்து துள்ளியது. புகை குபுகுபுவென்று முகத்தில் அடித்தது. உள்ளே அழுத்தம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும்.

“மாப்ள, எஞ்சினை முழுசாப் பிரிக்கணும்போல இருக்கு. ஒரு மாசம்.”

தம்பி சேற்றில் இறங்கிய சக்கரம் மாதிரி அப்படியே நின்றான். செவ்வாய்க்கு முன்னால் ஒரே ஒரு திங்கள்கிழமைதான் இருந்தது.

“அதுக்கு முன்னாடி மூச்சுக் குழாயை ஒரு தடவை பாத்துடறேன்” என்றார் அவர். எஞ்சினுக்குள் சேர்கிற புகையும் காற்றும் வெளியே போவதற்கென்று ஒரு ரப்பர் குழாய் உண்டு. பின்பக்கமாக இறங்கி, வண்டியின் அடிச்சட்டத்துக்கு மேலே மறைவாக முடியும். அது அடைத்தாலும் இதே கதைதான்.

தம்பியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

“டேய், எதுக்குடா கையைப் பின்னாடி கட்டற? ஜன்னல் கண்ணாடியை உடைச்சப்பவும் இப்படித்தான் நின்னே.”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு கை?”

தம்பி தரையைப் பார்த்துச் சொன்னான். “அட்டை வச்சுப் பாக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. நானே முன்னாடி ஒரு அட்டை வச்சுப் பாத்தேன். அந்தக் குழாய் நுனியிலேர்ந்து ரெண்டு சொட்டு விழுந்துச்சு. அதான்... மருந்து பாட்டில் ரப்பர் மூடியை வச்சு அடைச்சு, மேல கறுப்பு டேப் சுத்திட்டேன்.”

“எப்ப?”

“நாலு மாசம் இருக்கும்.”

“சொட்டக்கூடாதுன்னு அடைச்சே.”

“ஆமா மாமா.”

“அதனாலதான்டா சொட்டுது!”

திட்டுவதற்காக முழுதும் திறந்த வாய் பாதியில் நின்றுவிட்டது. கியர்பாக்ஸை இறக்கிய இரண்டு தடவையும், டேப் சுற்றிய அந்தக் குழாயைத் தன் கையாலேயே ஓரமாக ஒதுக்கி வைத்தவர் அவர்தான். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள். பவுடர் டப்பாவைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அவனைத் திட்டாதீங்க. கசிவடைக்கிறவருக்கு அக்காவைக் கொடுத்தவன், அவனும் ஒண்ணை அடைச்சுப் பாத்தான்.”

ரப்பர் மூடியைப் பிடுங்கியதும் எஞ்சின் பெருமூச்சு விட்டது. அழுத்தத்தில் பிதுங்கியிருந்த, மேல் மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகட்டையும் மற்றவற்றையும் மாற்றினார். பின்பக்க சீலின் உதடும் மடங்கியிருந்ததால், மூன்றாவது சீலுக்கும் வேலை கிடைத்தது. குழாய் நுனிக்கு, மேலே ஓட்டையிட்ட ஒரு தகர டப்பாவைச் சட்டத்தில் கட்டினார். மூச்சு வெளியே போகும், சொட்டு உள்ளேயே தங்கும். திங்கள் சாயங்காலம் மறுபடி பவுடர் தட்டி ஓட்டியபோது, பத்து நிமிஷமும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒன்றும் கறுக்கக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்த அதே மனிதருக்கு, அது சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்றும் இருந்தது. அவள் ஏதோ கத்தினாள்.

“என்ன?”

“காது மந்தமாயிடுச்சான்னு கேட்டேன்!”

“இல்லையே!” என்று அவர் கத்துவதற்குள் நேரம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி எஞ்சினை அணைத்துவிட்டான். அவராக இருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேருமே கேபினில் போனார்கள். வாட்ச்மேன் அட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கால் மணி நேரமும் தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வாட்ச்மேன் எழுந்து வந்து அட்டையை இழுத்தார். ஒரு பக்கம் பார்த்தார். நம்பிக்கையில்லாமல் திருப்பி மறுபக்கம் பார்த்தார். விரலால் தடவி, விரலையும் பார்த்தார்.

“போன தடவை குளமே வெட்டினியேய்யா. சரி, உள்ள போ. மத்தவங்க எறங்குங்க.”

அவர்கள் இறங்கினார்கள். வண்டி வெளிர் நிறக் கல் மேல் ஏறிப் போயிற்று. தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போறான் பாருங்க.”

“போகட்டும். அவங்க மனசு மாறறதுக்குள்ள போகட்டும்.”

பஸ் நிறுத்தம் கொஞ்சம் தூரம். அவள் நடைக்கு அவர் நடந்தார்; அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

“இந்த வாரம் வேற என்ன வண்டி வருது?” என்று கேட்டாள்.

“ஒரு தண்ணி டேங்கர். பிரேக் வேலைதான்.”

அவள் ‘உம்’ என்றாள். நாலைந்து அடி நடந்தார்கள்.

“எதுக்கும் அதோட எஞ்சினையும் ஒரு தடவை பாத்துடலாம்” என்றார்.