மூடி திறந்த தேத்தண்ணி

"உதேன் மச்சான் மூடியைக் கழட்டி வைச்சிருக்கிறாய்? ஆறிப்போகுமெல்லே" என்று மோகன் கேட்டான்.

போன சனிக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் அவனுடைய புது வீட்டுக் குடிபூரல். அஜின்கோர்ட் கடையொன்றில் சொல்லி எடுப்பித்த றோல்ஸ், மூடி போட்ட கடதாசிக் கப்பில் தேத்தண்ணி. ஆட்களுக்குள் நின்று கதைக்க எனக்கு வராது. கப்பைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போய் நின்றேன். அங்கே சுவரில் ஒரு சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. சக்கரக் கம்பிகளில் சிலந்தி வலை. பழைய சங்கிலி எண்ணெயும் ரயர் றப்பரும் கலந்த மணம். அந்த மணத்தில் கை தானாகவே மூடியைக் கழற்றியிருக்க வேண்டும்.

"சும்மா" என்றேன். அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதுதான் இதை எழுத வைக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை கண்டால் எனக்குச் சொல்லாமல் நீங்களே திருத்தி வாசித்துவிடுங்கள். சொன்னால் வெட்கமாக இருக்கும்.

அப்போது ஊரைவிட்டு இந்தப் பனிநாட்டுக்கு வந்த நாங்கள் எல்லோரும் மல்வேர்னில் இருந்தோம். எனக்குப் பாண் சுடுகிற பக்டரியில் வேலை. ஞாயிறு மட்டும் லீவு. வீட்டில் இருந்தால் போன் அடிக்கும், எடுத்தால் கதைக்க வேண்டும். ஆகவே சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தேன். ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு ஓடும்போது யாரும் யாரோடும் கதைப்பதில்லை. என்னைப் போன்றவனுக்கு இதைவிடத் தோதான பொழுதுபோக்கு உண்டா, சொல்லுங்கள்.

கூட்டத்தைத் தொடங்கியவர் குணம் அண்ணை. எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். கால்கள் இரண்டும் முறுக்கிய கயிறு மாதிரி. நான் யாரோ வீட்டு வாசலில் விற்க வைத்திருந்த, ஸ்ராண்டும் கரியரும் உள்ள சைக்கிளோடு முதல்நாள் போனபோது அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"உது சைக்கிளோ, கட்டிலோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் பார்ப்பார்கள்.

ஓடுகிற பாதை எப்போதும் ஒன்றுதான். மல்வேர்னிலிருந்து கீழே இறங்கி, ரூஜ் ஆறு லேக்கில் விழுகிற இடம். அங்கிருந்து கரையோடு கிழக்கே. லேக் பார்வைக்குக் கடல்தான். அலை அடிக்கும், மறுகரை தெரியாது. ஆனால் உப்பு மணம் இல்லாத கடலை என் மூக்கு கடைசிவரை நம்பவில்லை. காற்று மட்டும் அசல் கடற்காற்று. கன்னத்தில் அறைந்துகொண்டே வரும். பிறகு லேக்குக்கு முதுகைக் காட்டி வடக்கே திரும்பினால் சோளக் காணிகள், மாட்டெரு மணம், அதற்கும் மேலே பயிர் வராத மணல் மேடுகள். முழங்கால் உயரப் புல்லும் ஊசியிலை மரமும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தெருவும் நேராகப் போகாது. ஏறும், இறங்கும், இன்னும் பெரிதாக ஏறும். கடைசி ஏற்றத்தின் உச்சியிலிருந்து ஒரு நீண்ட இறக்கம். அதன் அடியில், ஸ்ரௌவ்வில்லுக்குக் கொஞ்சம் முந்தி, பெற்றோல் செட்டோடு ஒட்டினபடி ஒரு கோப்பிக் கடை. அங்கே தேத்தண்ணி. பிறகு வீடு.

பின்தங்கியவனுக்காக நிற்பதில்லை. அது குணம் அண்ணையின் சட்டம். "இது என்ன தேரோ, எல்லாரும் சேர்ந்து இழுக்க? ஏலாதவன் பஸ்ஸில வரட்டும்" என்பார். முதலில் போய்ச் சேர்கிறவர்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி எடுப்பார்கள். எடுத்து, கடைக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். கடைசியாக வருகிறவனுடைய கப்பின் மூடியை மட்டும் கழற்றிவிடுவார்கள். அந்த மேட்டுக் காற்றில் அது பச்சைத் தண்ணியாகும். வருகிறவன் எல்லோர் முன்னிலையிலும் நின்று அதை முழுக்கக் குடிக்க வேண்டும். ஒருமுறை அதற்குள் ஈ விழுந்திருந்தது. "இறைச்சி போட்ட தேத்தண்ணி, குடி" என்றார் குணம் அண்ணை. ஈயை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.

ஆம், கடைசி ஆள் எப்போதும் நான்தான். ஏன் போனாய் என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் கேட்டாள். நான் வராத ஒரு ஞாயிறு, கூட்டத்தில் ஓடிய மோகன் தேடிப் போன் எடுத்தான், "நீ இல்லாட்டி ஆருக்கு மூடி திறக்கிறது?" என்று. என்னைத் தேடவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்று முழுக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை.

கடைசி இடத்தில் ஒரு வசதி உண்டு. எல்லோருடைய முதுகும் தெரியும். முகத்தைப் போல முதுகு பொய் சொல்லாது. மோகனுடைய முதுகில் வேர்வை நடுவில் கோடாக இறங்கும். குணம் அண்ணையின் முதுகோ இஸ்திரிப் பலகை. எந்த ஏற்றத்திலும் ஆடாது. ஒரு வருடம் பனி முடிந்து முதல் ஓட்டம் வந்தபோது அந்தப் பலகை ஆடியது. வலக்காலை உழக்கும்போது வலப்பக்கம் சாய்ந்து, இடக்காலை உழக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து. கொஞ்சம் கொஞ்சமாக வரிசையிலிருந்து கழன்று எனக்கு நேர் முன்னால் வந்து சேர்ந்தார்.

"சங்கிலி சரியில்லை" என்றார். அடுத்த கிழமை சீற் சரியில்லை. அதற்கடுத்த கிழமை சப்பாத்து.

பிறகு ஒருநாள் ஓட்டம் தொடங்குமுன் என்னருகில் வந்து ரயரைக் குனிந்து பார்ப்பதுபோல நின்றார்.

"தம்பி, நீ எனக்குப் பின்னால வா. முந்திப் போடாதை."

எனக்கு அது பெரிய காரியமா? அன்றிலிருந்து அவர் வேகம் குறைய நானும் குறைத்தேன். அவர் ஏற்றத்தில் இறங்கி நடந்தால் நானும் இறங்கி நடந்தேன். அவருக்குப் பின்னால் நான் இருக்கும்வரை ஆறின தேத்தண்ணி என்னுடையது. அவர் சூடான கப்பைப் பிடித்துக்கொண்டு, "இவனால நானும் பிந்திப் போனன்" என்று மற்றவர்களிடம் சொல்வார். மெதுவாக ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அறிந்தேன். நிற்காமலும் விழாமலும் ஒருவரை முந்தாமலும் ஏற்றம் ஏறிப் பாருங்கள்.

மோகனுக்குக் கண் கூர்மை. அவன்தான் அப்போது முன்னால் ஓடுகிறவன். முதல் வருடத்தில் அவன் ஏற்றத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தபோது, குணம் அண்ணை நிற்காமல் மணியடித்துக்கொண்டு போனவர். ஒரு ஞாயிறு குணம் அண்ணையும் நானும் கடையடியில் போய் இறங்க, விளிம்பில் இரண்டு கப் இருந்தன. மூடி போட்டதை எடுத்து மோகன் என் கையில் தந்தான்.

"உனக்கு இது. நீ நிண்டு நிண்டு வந்ததை மேலை இருந்து பாத்தனாங்கள்." மற்றதைக் குணம் அண்ணையிடம் நீட்டினான். "உங்கட சட்டம்தானே அண்ணை. முழுக்கக் குடிக்கவேணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். குணம் அண்ணை நின்றபடி குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முடித்துக் கப்பைக் கவிழ்த்துக் காட்டினார். "சீனி காணாது" என்றார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் கூடுகிற பிளாசாவில் அவரும் நானும் மட்டும் நின்றோம். அவர் மோகனுக்குப் போன் எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். போனுக்குள் காற்று இரைந்தது.

"நாங்கள் வெள்ளனவே வெளிக்கிட்டிட்டம் அண்ணை. லேக்கடியில ஓடுறம். நீங்கள் ஆறுதலா வாங்கோவன்."

"ஒருதரும் சொல்லேல்லையே?"

"ஏலாதவையைக் கரைச்சல் படுத்தக் கூடாதெண்டுதான்."

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. எனக்கும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் நான் குணம் அண்ணைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் யாருக்கு என்னத்தைச் சொல்லிக் கிழித்திருக்கிறேன்?

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். வீட்டுக்குத் திரும்புவார் என்று நினைத்தேன்.

"வா, போவம்" என்றார்.

லேக் காற்றில் அவர் இரண்டு தரம் நின்றார். மணல் மேடுகளில் பெரும்பாலும் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். தெருவில் கார் ஒன்று நிறுத்தி, உதவி வேண்டுமா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். "நோ, தாங்க்யூ. மை பிறெண்ட் இஸ் ஸ்லோ" என்று என்னைக் காட்டினார். கடைசி ஏற்றத்தின் உச்சியில் சைக்கிளில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். கீழே கடை சின்னதாகத் தெரிந்தது. நானும் இறங்கி, தண்ணிப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினேன். போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்காமல் சைக்கிளில் ஏறி உழக்கத் தொடங்கினார். இறக்கம் அது. மூடியைப் பூட்டி, போத்தலைச் செருகி, நான் ஏறுவதற்குள் அவர் பாதி தூரம் போய்விட்டார். முதுகு ஆடவில்லை. நானும் அன்று முழு வேகத்தில்தான் உழக்கினேன். அந்தக் கட்டிலில் அவ்வளவுதான் முடிந்தது.

மற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஜன்னல் விளிம்பில் அவர்களுடைய வெறும் கப்புகள் கிடந்தன. எங்களுக்கு ஆறின தேத்தண்ணிகூட வைத்திருக்கவில்லை. நான் இறக்கத்தின் நடுவில் காற்றுப் போன பின்ரயரோடு உழக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது குணம் அண்ணை புதிதாக இரண்டு கப் வாங்கி வைத்திருந்தார். ஒன்று அவர் கையில், மூடியோடு. மற்றது விளிம்பில்.

அதன் மூடி திறந்திருந்தது.

"கடைசியா வந்தனி. குடி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அடுத்த பனிக்காலத்தோடு ஆளும் போய்விட்டார். செத்தவீட்டில் மோகன்தான் பேசினான், எங்களை எல்லாம் வழிநடத்தியவர், ஒருவரையும் கைவிடாதவர் என்று. பேசும்போது அவனுக்குக் குரல் உடைந்தது. நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கூட்டமும் அந்த வருடத்தோடு கலைந்தது. கடை இருந்த மூலையில் இப்போது சிக்னல் லைற்றும் பல்வைத்தியரும். சோளக் காணிகளில் ஒரே மாதிரி வீடுகள். கடைசி ஏற்றத்தை வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். மோகனுடைய வீடு நிற்பது அந்த இறக்கத்தில்தான் என்று கராஜ் வாசலில் நின்று கணக்குப் பார்த்தேன். அவனுக்கு அதைச் சொல்லவில்லை. "வேறை சூடா எடுத்துத் தரட்டோ?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

எனக்கு இப்போது சூடான தேத்தண்ணி இறங்குவதில்லை. திறந்து வைக்கத்தான் ஒருவரும் இல்லை. மூடியை நானே கழற்ற வேண்டியிருக்கிறது.